கல்லை வெட்டியது யார்

என் பெரியம்மா ஜன்னல் மாட்டுகிறவள். இதைச் சொன்னால் பாதிப் பேர் திரைச்சீலைக் கடை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவள் மாட்டுவது முழு ஜன்னலை. மரச் சட்டம், கதவு, கண்ணாடி எல்லாம் சேர்த்து, ஆள் உயரத்துக்கு மேல் இருப்பதை.

அதுவும் நகரத்தின் பழைய கல் கட்டடங்களில். அங்கே உள்ள பழைய ஜன்னல்கள் காற்றடித்தால் கடகடவென்று ஆடும். மழைக்கு ஒழுகும். குளிர் நாளில் அறையின் சூட்டையெல்லாம் தெருவுக்குத் தாரை வார்க்கும். அவற்றை எடுத்துவிட்டுப் புதியது வைக்க வேண்டும். ஆனால் தெருவில் போகிறவர் கண்ணுக்கு எதுவும் மாறியிருக்கக் கூடாது. அதே ஒல்லியான குறுக்குச் சட்டம், அதே வளைவு. உள்ளுக்குள் மட்டும் இரட்டைக் கண்ணாடி, சுற்றிலும் ரப்பர், காற்று புகாத அடைப்பு. வெளியே புயல் அடித்தாலும் ஜன்னலோரம் ஏற்றிவைத்த மெழுகுவர்த்தி அசையக் கூடாது. அதுதான் பெரியம்மாவின் கணக்கு.

இந்த வேலையைக் கண்காணிக்கப் பழங்கட்டட வாரியம் என்று ஒன்று இருக்கிறது. அவர்கள் விதி எளிமையானது. ஒவ்வொரு ஜன்னலுக்கும் அதை மாட்டுகிறவர்தான் பொறுப்பு. மரத்தை இழைக்கலாம், கண்ணாடி உடைந்தால் வேறு வாங்கலாம். கல்லைத் தொட்டால் தொலைந்தது.

பெரியம்மாவை அந்த வாரியம் தடை செய்தது, கல்லைத் தொட்டதற்காக. அவள் தொடவில்லை. தொட்டவர் என் மாமா.

என் அம்மாவுக்கு ஒரு அக்கா, ஒரு தம்பி. அக்கா பெரியம்மா, தம்பி மாமா. தச்சுப் பட்டறை மாமாவுடையது. அவர் ஜன்னல் செய்வார், பெரியம்மா கொண்டுபோய் மாட்டுவாள். பழைய தந்தி ஆபீஸ் வேலை வரைக்கும் இப்படித்தான் ஓடியது.

பழைய கட்டடத்தில் எந்தத் திறப்பும் ஒழுங்காக இருக்காது. மேலே ஒரு அகலம், நடுவே ஒரு அகலம், கீழே வேறொன்று. மூன்றையும் அளந்து, இருப்பதில் சின்னதை எடுத்துக்கொண்டு, அதிலும் இரண்டு பக்கம் விரல் இடைவெளி விட்டுத்தான் சட்டம் செய்ய வேண்டும். தந்தி ஆபீஸின் இரண்டாம் மாடியைப் பெரியம்மா அப்படியே அளந்து கொடுத்தாள். மாமாவுக்கு அவசரம். "தெருவுல நின்னு பாத்தா எல்லாம் ஒண்ணாத்தானே இருக்கு" என்று சொல்லி, மொத்தச் சட்டங்களையும் ஒரே அளவில் அறுத்துவிட்டார்.

வந்து இறங்கிய ஜன்னல்களில் பாதி உள்ளே நுழையவில்லை.

"திருப்பி எடுத்துட்டுப் போடா" என்றாள் பெரியம்மா.

"நாளைக்கு வாரியத்துல இருந்து வர்றாங்கக்கா."

"வரட்டும். பட்டறைக்காரன் குருடன்னு சொல்றேன்."

அவள் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது மாடிப்படியெல்லாம் மஞ்சள் நிறக் கல்தூள். மேலே ஏறிப் பார்த்தால், நுழையாத ஜன்னல்கள் எல்லாம் நுழைந்திருந்தன. மாமா வெட்டு மிஷினை வைத்துத் திறப்பின் உள்விளிம்பில் கல்லைச் சீவித் தள்ளியிருந்தார். நூற்றைம்பது வருடக் கல்.

மறுநாள் அதிகாரி வந்தார். கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுக்கு யாரு பொறுப்பு?" என்று கேட்டார்.

மாமா சொன்னார்: "அக்காதான் சார். கொஞ்சம் அவசரப்பட்டுட்டாங்க."

பெரியம்மா பின்னால் அம்மாவிடம் சொன்னது எனக்குத் தெரியும். "அவன் திருத்திச் சொல்வான்னு நின்னேன்டி. செருப்பையே பாத்துக்கிட்டு நின்னான். நான் அவன் வாயையே பாத்துக்கிட்டு நின்னேன். அதுக்குள்ள அந்தாளு எழுதி முடிச்சுட்டான்." அதற்குப் பிறகு அவள் என்ன சொன்னாலும், மாட்டிக்கொண்டபின் பழியைத் தம்பி மேல் போடுகிறாள் என்றுதான் ஆயிற்று.

பழைய கட்டடம் எதிலும் அவள் கை வைக்கக் கூடாது என்று தடை வந்தது. தொழிலில் இருந்தவர்கள் அவளுக்குக் "கல்லுடைச்ச அக்கா" என்று பெயர் வைத்தார்கள். நேரில் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவள் டீக்கடைக்குள் நுழைந்தால் யாராவது ஒருவர் சுவரைத் தட்டிப் பார்த்து, "கட்டடம் பத்திரமா இருக்கா?" என்பார். மற்றவர்களுக்குச் சிரிப்பில் டீ புரையேறும்.

புதுக் குடியிருப்புகளில் பிளாஸ்டிக் ஜன்னல் மாட்டப் போனாள். எல்லாத் திறப்பும் ஒரே அளவு. தூக்கி வை, திருகு, நுரையை அடி, அடுத்தது. "இதுக்கு எதுக்குக் கை? குரங்கைப் பழக்கிவிட்டா அது மாட்டும்" என்பாள்.

அம்மா சமாதானத்துக்கு எவ்வளவோ முயன்றாள். "மன்னிப்புக் கேக்கச் சொல்றேன்க்கா."

"மன்னிப்பு எனக்கு எதுக்கு? எந்த வாயால வாரியத்துக்கு முன்னாடி அக்கான்னு சொன்னானோ, அதே வாயால வாரியத்துக்கு முன்னாடி நான்தான்னு சொல்லணும். அவ்ளோதான்."

"சொன்னா அவன் பொழப்பு போயிடும்."

"என் பொழப்பு போனப்ப உனக்கு இப்படிப் பதறலையே."

அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

பெரியம்மா சும்மா இருக்கவில்லை. மழை நாள் வந்தால் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். மாமா வேலை செய்த ஒவ்வொரு கட்டடத்துக்கும் எதிரே போய் நின்று, எந்த ஜன்னலில் தண்ணீர் வெளியே சொட்டாமல் சட்டத்துக்குள் இறங்குகிறது, எந்த இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே ஈரம் புகுந்து பனி பூத்திருக்கிறது என்று பார்ப்பாள். பிறகு காவலாளியிடம் போவாள். "இந்த ஜன்னல் யாரு போட்டது?" என்று கேட்பாள். அவர் மாமாவின் பட்டறைப் பெயரைச் சொன்னதும், "ஓ" என்பாள். அவ்வளவுதான். ஆனால் அந்த "ஓ" இருக்கிறதே, சாவு வீட்டில் துக்கம் விசாரிப்பது போல இருக்கும். காவலாளி மேலே போய்ச் சொல்வார். மாமாவின் கைபேசி அடிக்க ஆரம்பிக்கும்.

"உங்க அக்கா வெறும் 'ஓ'ன்னு சொன்னதுக்கு நான் மூணு கட்டடத்துக்கு ஏறி இறங்கறேன்" என்று மாமா அம்மாவிடம் வந்து புலம்புவார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள்.

இப்படியே வருடங்கள் போயின. பெரியம்மா ஆண்டுதோறும் வாரியத்துக்கு மனுப் போட்டாள். ஆண்டுதோறும் இல்லை என்று பதில் வந்தது. பிறகு வாரியத்துக்குப் புதிதாக ஒரு பெண்மணி அதிகாரியாக வந்தார். அவர் மனுவைப் படித்துவிட்டுப் பெரியம்மாவை நேரில் கூப்பிட்டார்.

"துறைமுகத்துப் பழைய சுங்கக் கட்டடத்துல ஜன்னல் மாத்தப் போறோம். ரெண்டு பேரை ஆளுக்கு ஒரு ஜன்னல் போட்டுக் காட்டச் சொல்லியிருக்கேன். ஒருத்தர் வரல. அந்த இடத்துல நீங்க போட்டுக் காட்டுங்க. நல்லா வந்தா தடையை எடுத்துடலாம். வரலைன்னா இனி மனுப் போடாதீங்க."

"இன்னொருத்தர் யாரு மேடம்?"

அதிகாரி மாமாவின் பெயரைச் சொன்னார். அவருக்கு உறவு தெரியாது. மனுவில் பெரியம்மா தம்பி பெயரை எழுதியதே இல்லை. பெரியம்மாவும் சொல்லவில்லை.

இனி வருவதை எனக்குச் சொன்னது பல்லி. பல்லி மாமாவின் ஆள். சாரத்தில் வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டு வேலை செய்வதால் அந்தப் பெயர். அன்று முழுக்க அவர் அங்கே இருந்தார்.

ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்து இரண்டு திறப்புகள். இடது பக்கம் பெரியம்மாவுக்கு, வலது பக்கம் மாமாவுக்கு. கல் அதே மஞ்சள் கல். நகம் பட்டாலே தூள் கொட்டும். சோதனை மதியம். அதிகாரி அறை வாசலில் பெரிய மின்விசிறி ஒன்றைப் பொருத்தி உள்காற்றை உறிஞ்சுவார். புகைக்குச்சியைச் சட்டத்தின் ஓரமாகக் கொண்டுபோவார். புகை எங்கே அலைகிறதோ அங்கே ஓட்டை.

அன்று நல்ல வெயில். பெரியம்மா காலையில் வந்து இறங்கும்போது மாமாவின் வண்டி ஏற்கெனவே வாசலில் நின்றது. முன்கண்ணாடிக்குக் கீழே, வெயில் நேராக விழும் இடத்தில், பஞ்சுப்பட்டைச் சுருள்கள் கிடந்தன.

பஞ்சுப்பட்டை என்பது சட்டத்துக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அடைப்பது. இறுக்கி நசுக்கிச் சுருளாகச் சுற்றி வரும். பிரித்துச் சட்டத்தின் மேல் ஒட்டி, சட்டத்தைத் திறப்புக்குள் வைத்தால், மெதுவாக உப்பி வந்து கல்லின் மேடு பள்ளம் எல்லாவற்றிலும் போய் அடைத்துக்கொள்ளும். காற்று போகாது. ஆனால் சூடு பட்ட பட்டைக்கு மெதுவாக என்பதே தெரியாது. பிரித்த உடனே உப்பும். அதனால் வெயில் காலத்தில் அதை ஐஸ் பெட்டியில் வைத்துத்தான் வேலைக்கு எடுத்துப் போவார்கள்.

பெரியம்மா வண்டிக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றாள். சுருள்களைப் பார்த்தாள். பல்லி சாரத்தின் மேலிருந்து அவளைப் பார்த்தார். அவள் ஒன்றும் சொல்லாமல் தன் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினாள்.

அவளோடு வந்தவர் ஒரே ஒருவர், ஜன்னலுக்குக் கண்ணாடி பொருத்தும் கண்ணாடிக்காரர். பேச்சுக் குறைந்த மனிதர். இருவரும் சேர்ந்து தங்கள் சட்டத்தைத் தூக்கி வைத்து, நான்கு பக்கமும் மரத்துண்டு கொடுத்து, மட்டம் பார்த்து நிறுத்தினார்கள். குளிர்ந்த பட்டை சொன்னபடி கேட்டது. நிதானமாக உப்பியது. பெரியம்மா கதவைச் சாத்தினாள். தெருச் சத்தம் பாதியாகக் குறைந்தது.

"பிளாஸ்டிக்குல நல்லாத்தான் கை பழகியிருக்கு போல" என்றார் மாமா. வேலைக்கு வந்ததிலிருந்து அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு.

"பேசாம உன் வேலையப் பாருடா. அளவெல்லாம் சரியா? இல்ல, தெருவுல நின்னு பாத்துட்டு வந்தியா?"

மாமா பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிக்கொண்டார். இந்த முறை அளவு சரியாகத்தான் இருந்தது. மூன்று இடத்தில் அவரே அளந்திருந்தார். வண்டியிலிருந்து சுருள்களை வரவழைத்துச் சட்டத்தைச் சுற்றி ஒட்டினார். அவரும் இன்னொரு ஆளும் உள்ளிருந்து தூக்கினார்கள். பல்லி வெளியே சாரத்தில் நின்று வாங்கினார். சட்டம் பாதி நுழைந்தது. அங்கேயே நின்றது.

"தள்ளு" என்றார் மாமா.

"தள்ளிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றான் கூட இருந்த ஆள்.

பட்டை உப்பிவிட்டது. மேல் மூலை உள்ளேயும் கீழ் மூலை வெளியேயுமாக, குறுக்கே சிக்கிய எலும்பு போலச் சட்டம் நின்றது. மாமா நெம்பு கம்பியை எடுத்தார். கல்லில் வைக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, கீழே போட்டுவிட்டார்.

"பட்டையை அறுத்து எடுத்துட்டுப் புதுசா ஒட்டணும்" என்றார் கண்ணாடிக்காரர். அவர் அன்று பேசியது அந்த ஒரு வரிதான் என்று பல்லி சொல்கிறார்.

மெல்லிய கத்தியை விட்டு இரண்டு பக்கமும் அறுத்தார்கள். சட்டம் தளர்ந்தது. தளர்ந்ததும் அது வெளிப்பக்கம் சாயத் தொடங்கியது. மாமா உள்ளிருந்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தார்; வெளியே முட்டுக் கொடுத்த பல்லி ஒருவரால் தாங்க முடியாத கனம். கூட இருந்த ஆளைப் பட்டை கொண்டுவரக் கீழே ஓடச் சொன்னார். அவன் கொண்டுவந்த சுருள் அடுப்பிலிருந்து எடுத்தது போலச் சுட்டது. மாமா முகத்தில் ஈயாடவில்லை. "எங்கயாவது ஐஸ் கெடைக்குமா பாரு, ஓடு" என்று அவனைத் திரும்ப விரட்டினார்.

பெரியம்மா தன் ஐஸ் பெட்டியின் மேலே உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா" என்றார் மாமா. கல்லைப் பார்த்தபடி, சட்டத்தைக் கட்டிப்பிடித்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு. "ஒரு சுருள் குடுக்கா."

"என்ன வேணும்?"

"பட்டை. உங்கிட்ட மிச்சம் இருக்கும்ல."

"இருக்கு. இதுல உக்காந்துதான் இருக்கேன். நல்லா ஜில்லுனு இருக்கு."

"ஏளனம் பண்ணாதக்கா. கை விட்டுப் போகுது. அவங்க வர்ற நேரம்."

அவர்கள் வந்துவிட்டார்கள். அதிகாரி வாசலில் நின்றார். பின்னால் ஒருவர் மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு நின்றார். சட்டம் இருந்த நிலையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள். மாமாவால் திரும்ப முடியாது. திரும்பினால் சட்டம் தெருவில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற பல்லிக்கு வாசல் நேராகத் தெரிந்தது. பெரியம்மாவுக்கும் தெரிந்தது.

அவள் அதிகாரியைப் பார்த்தாள். பிறகு தம்பியின் முதுகைப் பார்த்து, குரலைக் கொஞ்சமும் மாற்றாமல் கேட்டாள்.

"தரேன். ஒண்ணே ஒண்ணு சொல்லு. தந்தி ஆபீஸ்ல கல்லை வெட்டினது யாரு?"

"இப்ப எதுக்குக்கா அது?"

"பட்டை வேணுமா, வேணாமா?"

"நான்தான். உனக்குத் தெரியாதா?"

"சரியாக் கேக்கல. பிளாஸ்டிக்கு மிஷின் சத்தத்துல காது அடைச்சுப் போச்சு."

"நான்தான் வெட்டினேன்" என்று மாமா கத்தினார். "நீ சாப்பிடப் போனப்ப நான்தான் வெட்டினேன். உம் பேரைச் சொன்னதும் நான்தான். போதுமா? இப்ப குடு."

பல்லி என்னிடம் சொன்னார்: "நான் ஒரு கண்ணைக் காட்டியிருந்தாப் போதும், உங்க மாமா வாயை மூடியிருப்பாரு. காட்டல. தந்தி ஆபீஸ்ல அன்னிக்கு அந்த வெட்டு மிஷினை என் கையிலயும் ஒரு தடவை குடுத்து வெட்டச் சொன்னாரு. வெளிய சொன்னா வேலை இல்லன்னாரு."

பெரியம்மா எழுந்து பெட்டியைத் திறந்தாள். ஒரு சுருளை எடுத்து, மேலே படிந்த ஈரத்தைத் துடைத்தாள். கண்ணாடிக்காரரிடம் சட்டத்தைப் பிடிக்கச் சொல்லி, தம்பியின் கையில் சுருளை வைத்தாள்.

"இந்தா. சொன்ன சொல்லு மாற மாட்டேன்."

அப்போதுதான் மாமா திரும்பினார்.

அதிகாரி அறைக்குள் வந்தார். "சட்டத்தை எறக்கி வச்சுட்டுக் கீழ வாங்க" என்று மாமாவிடம் சொன்னார். மாமா அந்தச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டே படியிறங்கினார். பிறகு வாசலில் மின்விசிறி ஓடியது. மாமாவின் திறப்பைப் பலகை வைத்து அடைத்துவிட்டு, பெரியம்மாவின் ஜன்னல் ஓரமாகப் புகையைக் கொண்டுபோனார்கள். புகை நூல் பிடித்தது போல நேராக மேலே போனது.

தடை போயிற்று. சுங்கக் கட்டடத்தின் மொத்த ஜன்னல்களும் பெரியம்மாவுக்கு வந்தன. மாமாவுக்கு வாரியம் பழங்கட்டட வேலைகளை எடுக்கத் தடை விதித்தது.

அன்று எங்கள் வீட்டில் அம்மா அழுதாள். "சொந்தத் தம்பிக்குப் பொறி வைப்பியாக்கா?"

"நான் எங்க பொறி வச்சேன்? கேள்வி கேட்டேன்."

"பட்டை வெயில்ல கெடந்ததைப் பாத்தியாமே. பல்லி சொன்னான்."

"பாத்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"அவன் ஒரு வார்த்தை சொல்லுவான்னு நான் நின்னேனே, அது எவ்ளோ நேரம்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டுத்தான் பெரியம்மா எழுந்தாள்.

அதோடு முடியவில்லை. அத்தனை ஜன்னல் செய்ய அவளிடம் பட்டறை இல்லை. ஊரில் அந்த அளவுக்கு மரம் இழைக்கும் மிஷின் இருந்தது மாமாவிடம்தான். மாமா வேலை எடுக்கக் கூடாதே தவிர, செய்து கொடுக்கலாம். பல்லியும் மற்ற ஆட்களும் அதற்குள் பெரியம்மாவிடம் வந்துவிட்டார்கள். மாமா தனியாகப் பட்டறையில் உட்கார்ந்திருந்தார்.

பெரியம்மா அம்மா மூலமாகச் சொல்லி அனுப்பினாள். அவனே செய்யட்டும். ஆனால் ஒவ்வொரு ஜன்னலையும் அவனே கொண்டுவந்து காட்ட வேண்டும். ஆட்களுக்கு முன்னால் வைத்து அவள் பார்ப்பாள்.

மாமா ஒப்புக்கொண்டார். வேறு வழியும் இல்லை.

முதல் ஜன்னல் வந்த அன்று நானும் போயிருந்தேன். சுங்கக் கட்டடத்தின் முற்றத்தில் எல்லா ஆட்களும் நின்றார்கள். மாமா சட்டத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். பெரியம்மா மூலைக்கு மூலை நூல் பிடித்தாள். கதவைத் திறந்து மூடினாள். ரப்பரை விரலால் தடவிக்கொண்டே போனாள். நான்கு பக்கமும் பார்த்து முடித்துவிட்டுச் சொன்னாள்.

"சரியில்ல. எடுத்துட்டுப் போ."

"எங்க சரியில்லக்கா?"

"எடுத்துட்டுப் போடான்னேன்."

ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமா சட்டத்தை வண்டியில் ஏற்றினார். யாரும் கை கொடுக்கவில்லை. வண்டி போனபின் நான் பெரியம்மாவிடம் கேட்டேன், என்ன குறை என்று.

"ஒரு குறையும் இல்ல" என்றாள். "நல்லாத்தான் செஞ்சிருக்கான்."

"அப்புறம் எதுக்குத் திருப்பி அனுப்புனீங்க?"

"அவனுக்குத் தெரியும். செய்யாத தப்பைச் சுமக்கறது எப்படின்னு ஒரு நாளாவது பாக்கட்டும்."

மறுநாள் மாமா வந்தார். அதே ஜன்னல். மாமா அதில் ஒரு சீவல்கூட இழைத்து எடுக்கவில்லை. அடிப்பக்கத்தில் நேற்றுப் பட்ட முற்றத்து மண் அப்படியே இருந்தது. சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். பெரியம்மா மறுபடி நூல் பிடித்தாள், கதவைத் திறந்தாள், மூடினாள். அந்த மண்ணையும் பார்த்தாள்.

"இப்ப சரியா இருக்கு" என்றாள். "அடுத்ததைக் கொண்டா. அதையும் பாக்கறேன்."